செவ்வரளியை வீட்டில் வளர்ப்பது: நடும் இடம் முதல் வெட்டிய கிளை வரை

கேள்வி இது: வீட்டு முன்புறம் செவ்வரளி வைக்க ஆசை. வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது, பக்கத்து வீட்டில் இரண்டு ஆடுகள். அரளி விஷம் என்று எல்லோரும் தடுக்கிறார்கள். வைக்கலாமா, வைத்தால் எப்படி வளர்ப்பது?

வைக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஐந்து வயதாகும்வரை பொறுப்பது நல்லது என்பதுதான் என் கருத்து. கண்டதை வாயில் வைக்கும் வயதில் எந்த வேலியும் முழுப் பாதுகாப்பு ஆகாது. இப்போதே வைக்கப் போகிறீர்கள் என்றாலும், பிறகு வைக்கிறீர்கள் என்றாலும், கீழே சொல்வதைச் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். நின்றுகொண்டிருக்கும் அரளிச் செடி பெரும்பாலும் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. வெட்டிப் போட்ட கிளையும், உதிர்ந்து காய்ந்த இலையும், பறித்து வீட்டுக்குள் கொண்டுவந்த பூவும்தான் பிரச்சினை ஆகின்றன. நடுவதைவிட வெட்டுவதைப் பற்றி இங்கே அதிகம் எழுதியிருப்பதற்குக் காரணம் அதுதான்.

முதலில் எந்த அரளி என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நர்சரியில் அரளி என்று கேட்டால் இரண்டு வேறு செடிகள் கிடைக்கும். செவ்வரளி, வெள்ளரளி, ரோஸ் அரளி, அடுக்கு அரளி எல்லாம் ஒரே இனம். தாவரப் பெயர் நீரியம் ஓலியாண்டர். மஞ்சள் அரளி, அதாவது புனல் போன்ற மஞ்சள் பூவும் பச்சை நிறத்தில் உருண்டைக் காயும் விடும் பொன்னரளி, வேறு இனம். இலையைப் பார்த்தே பிரித்துவிடலாம். செவ்வரளியில் ஒரு கணுவுக்கு மூன்று இலைகள் வட்டமாக நிற்கும். இலை தடிப்பாக, கரும்பச்சையாக இருக்கும். நடு நரம்பிலிருந்து பக்க நரம்புகள் நெருக்கமாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் விளிம்பு வரை ஓடுவதை வெளிச்சத்தில் பிடித்தால் பார்க்கலாம். மஞ்சள் அரளியின் இலை மெலிந்து நீண்டு பளபளவென்று இருக்கும், தண்டைச் சுற்றி ஒவ்வொன்றாக முளைத்திருக்கும், கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும்.

பிள்ளை இருக்கும் வீட்டுக்கு மஞ்சள் அரளி எந்த வயதிலும் வேண்டாம். அதன் காய்க்குள் இருக்கும் கொட்டை கடும் விஷம். தரையில் விழுந்து கிடக்கும் காய், பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இலங்கையின் வடபகுதியில் அலரி (மஞ்சள் அரளிக்கு அங்கே வழங்கும் பெயர்) விதை நஞ்சு 1980களிலிருந்து மருத்துவமனைகளுக்குப் பெரிய சுமையாக இருந்துவருகிறது. ஏற்கெனவே வீட்டில் மஞ்சள் அரளி நிற்கிறது என்றால், பூ வாடியதும் கிள்ளிக் காய் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது வேரோடு எடுத்துவிடுங்கள்.

செவ்வரளியிலும் விஷம் இல்லாத பாகம் கிடையாது. இலை, பூ, தண்டு, வேர், விதை எல்லாவற்றிலும் ஓலியாண்ட்ரின் முதலான வேதிப்பொருள்கள் உண்டு. இதயத் தசைச் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் உள்ளே வெளியே மாற்றிவிடும் வேலையை இவை தடுக்கின்றன. அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது, இதயத் துடிப்பு குறைகிறது, தாளம் தவறுகிறது. காய்ந்தாலும் கொதிக்க வைத்தாலும் விஷம் போய்விடாது. இலை எரியும் புகையும் கெடுதல்தான். தொட்டால் ஒன்றும் ஆகாது. சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும்.

இனி இடம். அரளிக்கு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கொம்பு நீண்டு, உயரப்போய், நுனியில் மட்டும் நாலு பூ பூக்கும். சுவரிலிருந்து மூன்றடி, அடுத்த செடியிலிருந்து ஆறடி தள்ளி நடுங்கள். முழுதாக வளர்ந்தால் எட்டு முதல் பன்னிரண்டு அடி உயரமும் அதே அளவுக்கு அகலமும் போகும். மதில் ஓரமாக நட்டால் கிளை வெளியே நீட்டும். தெருவில் போகும் மாடும் ஆடும் பசும் அரளியின் கசப்பால் பொதுவாக வாய் வைக்காது. கோடையில் வேறு பசுமை இல்லாதபோது அந்த நம்பிக்கை செல்லாது. ஆகவே கிளை மதிலுக்கு உள்ளேயே நிற்கும்படி இடம் பாருங்கள்.

நடக்கூடாத இடங்களும் உண்டு. கிணறு, மாட்டுத் தொட்டி, மீன் தொட்டி இவற்றின் மேல் இலை உதிரும் தூரத்தில் வேண்டாம். கறிவேப்பிலை, துளசி, கற்பூரவல்லி, ஆடாதோடை நிற்கும் பாத்தியில் வேண்டவே வேண்டாம். இருட்டில் அவசரத்துக்கு இலை பறிக்கும்போது கை மாறும், உதிர்ந்த அரளி இலை துளசியோடு கலந்து வரும். பிள்ளை விளையாடும் ஊஞ்சல், மணல்மேடு பக்கமும் ஆகாது. வீட்டுப் பக்கவாட்டில் வெயில் படும் மூலை, அல்லது வாசல் கேட்டுக்கு உள்ளே தாழ்ப்பாள் போட்ட பகுதி இருந்தால் அதுதான் சரியான இடம்.

மண் விஷயத்தில் அரளி எதையும் கேட்காது. செம்மண், கரிசல், மணல், ஓரளவு உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். நான்குவழிச் சாலை நடுவில் வரிசையாக அரளியை வைப்பதற்குக் காரணமும் இதுதான். வறட்சி, வாகனப் புகை இரண்டையும் பொறுக்கும், மாடு மேயாது, எதிர்வண்டியின் விளக்கு வெளிச்சத்தையும் மறைக்கும். இலையின் அடியில் மூச்சுத்துளைகள் மயிர் மூடிய சிறு குழிகளுக்குள் இருப்பதால் நீர் வீணாவதில்லை. அது தாங்காதது ஒன்றே ஒன்று, வேரில் தேங்கும் தண்ணீர். மழைநீர் தேங்கும் இடமாக இருந்தால் ஒரு அடி மண் உயர்த்தி மேட்டில் நடுங்கள்.

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி எடுத்து ஒரு வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். மேல்மண்ணோடு நன்கு மக்கிய தொழு உரம் ஐந்து கிலோ, வேப்பம் பிண்ணாக்கு கால் கிலோ கலந்து நிரப்பி, நடுவில் செடியை வையுங்கள். கரையான் தொல்லை உள்ள செம்மண்ணில் பிண்ணாக்கை விட்டுவிடாதீர்கள். ஆடி, ஆவணியில் நட்டால் வடகிழக்கு மழைக்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசி அடைமழையிலும் சித்திரை வெயிலிலும் நட வேண்டாம்.

செடியை விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை, குச்சியே போதும். பென்சில் கனமுள்ள, பாதி முற்றிய கிளையில் ஆறு முதல் எட்டு அங்குலத் துண்டாக, அடியில் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். கீழ் இலைகளை நீக்கி, நுனியில் மூன்று நான்கு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்கிவிடுங்கள். மணல் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மட்கிய உரம் ஒரு பங்கு கலந்த பையில் பாதி உயரம் புதையும்படி ஊன்றி, நிழலில் வைத்து, மண் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கு வாரத்தில் வேர் வரும். மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிப்பு தெரியும். பலர் பாட்டில் தண்ணீரில் குச்சியை நிறுத்தி வேர் விடச் செய்வார்கள். வேர் நன்றாகத்தான் வரும். ஆனால் அந்தத் தண்ணீரிலும் விஷம் இறங்கியிருக்கும். பிள்ளை உள்ள வீட்டில் அதைச் செய்யாதீர்கள். பூச்சாடியில் அரளிக் கொத்தை நிறுத்தி வைப்பதும் இதே கணக்குதான்.

ரகத்தைப் பொறுத்தவரை, ஒற்றை இதழ் செவ்வரளிதான் அதிகம் பூக்கும், மழையிலும் அழுகாது. அடுக்கு அரளி பார்க்க அழகு. ஆனால் வாடிய பூ உதிராமல் பழுப்பாகத் தொங்கும், மழையில் மொட்டோடு அழுகும். தினமும் பூ பறிக்கும் வீட்டுக்கு ஒற்றை அரளியே சரி. குட்டை அரளி என்று விற்பது தொட்டிக்கு ஏற்றது. தரையில் வைத்தால் சொன்ன அளவைத் தாண்டியும் வளரும். தொட்டியில் வைப்பவர்கள் பதினைந்து அங்குலத்துக்குக் குறையாத தொட்டி எடுங்கள், அடித்துளை அடையாமல் பாருங்கள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வேரைக் கழித்து மண் மாற்றுங்கள்.

முதல் ஆண்டு வாரம் இரண்டு முறை தண்ணீர் போதும். அதன்பிறகு கோடையில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை, ஆனால் வேர் வரை நனையும்படி இரண்டு குடம் ஊற்றுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். உரம் ஆண்டுக்கு இரண்டு முறை, தை மாதத்திலும் ஆடியிலும், செடிக்கு ஐந்து கிலோ தொழு உரம் கொடுத்தால் போதும். பூ குறைவாக இருந்தால் 17:17:17 காம்ப்ளக்ஸ் உரம் ஐம்பது கிராம், தண்டிலிருந்து ஒரு அடி தள்ளிப் போட்டு மண் மூடித் தண்ணீர் விடுங்கள். யூரியா போட வேண்டாம். தளதளவென்று இலை வரும், பூ வராது, இளந்தளிரில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்க்கும்.

பூக்கவில்லை என்று வருபவர்களின் செடியைப் பார்த்தால், ஒன்று நிழல் காரணமாக இருக்கும், அல்லது வெட்டு முறை காரணமாக இருக்கும். அரளி புதுக் கொம்பின் நுனியில்தான் பூக்கும். வேலியைச் சீர் செய்வதுபோல் மாதம் ஒருமுறை மேலே தட்டையாக வெட்டிக்கொண்டே இருந்தால், மொட்டு வரவிருக்கும் நுனியைத்தான் வெட்டுகிறீர்கள். ஆண்டுக்கு ஒரு பெரிய வெட்டுதான் வேண்டும். மார்கழிக் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு. உயரமான கொம்புகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, உள்ளே குறுக்காகப் போகும் குச்சிகளையும் காய்ந்தவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். மாசியில் தளிர் விட்டு, பங்குனியிலிருந்து பூக்கும். புதுத்தளிர் அரை அடி வந்ததும் நுனியை ஒருமுறை கிள்ளினால் அங்கிருந்து மூன்று கிளை பிரியும், பூக்கொத்தும் அதற்கேற்பக் கூடும். ஐப்பசி, கார்த்திகையில் வெட்டினால் வெட்டு வாயில் ஈரம் தங்கிக் கொம்பு அழுகிக் காயும். கிழடுதட்டிய செடியாக இருந்தால் ஒரே நாளில் மொட்டையடிக்காமல், மூன்றில் ஒரு பங்கு பழைய கொம்புகளை ஆண்டுதோறும் தரையோடு எடுத்து மூன்று ஆண்டில் புதுப்பியுங்கள். நீண்ட குச்சி போன்ற காய்கள் தென்பட்டால் உடனே நறுக்குங்கள். காய் முற்ற விட்டால் பூ குறையும், பஞ்சு வைத்த விதையும் காற்றில் பறக்கும்.

வெட்டும் நாளில் கைக்கு உறை, முழுக்கைச் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும். வேலை முடிந்ததும் கத்தரியை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதே கத்தரியால் கீரையும் கறிவேப்பிலையும் வெட்டுகிற வீடுகள்தான் அதிகம்.

வெட்டிய கிளையில்தான் ஆடு மாடு சாகிறது. பசும் இலையை மோந்துவிட்டு விலகும் ஆடு, அதே இலை வெயிலில் இரண்டு நாள் வதங்கி, புல்லோடோ வைக்கோலோடோ கலந்து கிடந்தால் பிரித்தறியாமல் தின்றுவிடும். கிளையை மதிலுக்கு வெளியே வீசுவது, குப்பைமேட்டில் கொட்டுவது, காலி மனையில் போடுவது மூன்றும் பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தீனி போடுவதுதான். தோட்ட வேலைக்கு வருபவரிடம் இதை வாயால் சொன்னால் போதாது. வெட்டும்போது நீங்கள் உடனிருந்து, கீழே பழைய சாக்கோ தார்ப்பாயோ விரித்து, ஒரு இலை விடாமல் அதில் விழும்படி பார்த்து, அன்றே அகற்றுங்கள். இடமிருந்தால் இரண்டடி ஆழக் குழியில் போட்டு மண் மூடுவது சிறந்தது. நகரத்தில் என்றால் சாக்கில் கட்டி, அரளி என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுங்கள். எரிக்காதீர்கள். அடுப்புக்கு விறகாகவும், கறி சுடும் குச்சியாகவும், செடிக்கு முட்டுக்கொம்பாகவும் எடுக்காதீர்கள். காய்கறித் தோட்டத்துக்குப் போகும் மட்கு குழியிலும் வேண்டாம். ஆட்டுக்காரர் வீட்டில் முன்கூட்டியே, "எங்கள் வீட்டுப் பக்கம் தழை ஒடிக்காதீர்கள், அரளி நிற்கிறது" என்று சொல்லிவிடுங்கள். தழை ஒடிப்பவர் வேறு ஊர்க்காரராக இருந்தால் செடி தெரியாமல் போகலாம்.

பூச்சியில் முதலில் வருவது மஞ்சள் அசுவினி. தளிரிலும் மொட்டுக் காம்பிலும் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கறுப்புக் கால்களோடு மொய்த்திருக்கும். மருந்து அடிக்க ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே பாதி போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் ஐந்து மில்லி, காதி சோப்புக் கரைசல் சிறிதளவு கலந்து, மாலையில், ஐந்து நாள் இடைவெளியில் இருமுறை தெளியுங்கள். எறும்பு ஏறினால் அசுவினியும் மாவுப்பூச்சியும் திரும்ப வரும். அதனால் எறும்புப் புற்றையும் பாருங்கள். இலைமேல் கரி பூசியது போலிருந்தால், அது அசுவினியின் தேன் கழிவில் வளரும் பூசணம். பூச்சி போனால் அதுவும் போகும்.

கொம்பு கொம்பாக இலை காணாமல்போய், கீழே மிளகு அளவில் கறுப்பு எச்சம் கிடந்தால், அது பச்சைப் பருந்து அந்துப்பூச்சியின் புழு. விரல் கனம், வாலில் கொம்பு, தலைக்குப் பின்னே நீலக் கண்போன்ற இரண்டு புள்ளிகள். இலையின் நிறத்திலேயே இருப்பதால் எச்சம் கிடக்கும் இடத்துக்கு நேர்மேலே தேடினால்தான் அகப்படும். உறை போட்ட கையால் எடுத்துவிடுங்கள், மருந்து வேண்டாம். வேறொரு புழுவும் வரும். உடலில் வரி, முதுகில் நாலு ஜோடி கறுப்பு இழைகள். அது வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சியின் புழு, இலைச் சேதம் அற்பம். அதை விட்டுவிடுங்கள். சில நாளில் இலைக்கடியில் வெள்ளி உருக்கி ஊற்றியது போன்ற கூட்டுப்புழு தொங்கும், கிட்டே போனால் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். பிள்ளைக்குத் தூரத்திலிருந்து காட்ட இதைவிட நல்லது தோட்டத்தில் கிடைக்காது.

இலை மஞ்சளாவதை ஒவ்வொருவரும் நோய் என்று பயப்படுகிறார்கள். கோடையில் அடி இலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயல்பு. எல்லா இலையும் தொய்ந்து மஞ்சளானால் வேரில் தண்ணீர் தேங்குகிறது. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு ஐந்து கிராம் இரும்பு சல்பேட்டும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் நிறம் திரும்பும். தொட்டிச் செடியில் இலை ஓரம் கருகினால் உப்பு சேர்ந்திருக்கிறது, நல்ல தண்ணீரால் மண்ணை நன்றாக அலசி வடியவிடுங்கள்.

பூவைச் சாமிக்கு வைப்பதில் தடையில்லை. சேலம் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளியே முக்கியப் பயிர், அம்மனுக்கும் முருகனுக்கும் மாலை அங்கிருந்து போகிறது. ஆனால் அரளியைத் தீர்த்தத்தில் போடுவது, பிரசாதத்தின் மேல் வைப்பது கூடாது. 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தின. வீட்டிலும் அதே ஒழுங்கு வேண்டும். பூக்கட்டும்போது நாரைப் பல்லால் கடித்து அறுக்காதீர்கள், கட்டி முடித்துக் கையைக் கழுவிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள். வாடிய மாலையைக் கால்படாத இடம் என்று செடியடியில் போடும் வழக்கம் உண்டு. அது ஆடு நுழையாத இடம்தானா என்று பாருங்கள்.

யாராவது வாயில் வைத்துவிட்டால் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் உடனே செய்ய வேண்டும். வாயிலிருப்பதைத் துடைத்தெடுத்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, 108க்கு அழையுங்கள். வாந்தி வரவழைக்க விரலை விடாதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சாணிக்கரைசல் எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறினால் அது தனி ஆபத்து. செடியின் துண்டு ஒன்றைப் பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு, தலைசுற்றல், நாடி மெதுவாகத் துடிப்பது இவைதான் அறிகுறிகள். ஒன்றும் தெரியவில்லை, பிள்ளை விளையாடுகிறது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். இதயத் தாளம் சில மணி நேரம் கழித்துக் கெடலாம் என்பதால்தான் மருத்துவமனையில் இசிஜி எடுத்து ஒரு நாளாவது கண்காணிக்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ஆடு மாடு தின்றுவிட்டால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் மனம் நொந்து, உயிர்மேல் வெறுப்பாகப் பேசும் ஒருவர் இருந்தால் அரளியை வைக்காதீர்கள், இருப்பதையும் எடுத்துவிடுங்கள். இதில் எந்தச் சமாதானமும் வேண்டாம்.

எடுப்பதாக இருந்தால் தண்டை மட்டும் வெட்டிப் பயனில்லை, அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அடிக்கட்டையைச் சுற்றி ஒன்றரை அடி தோண்டி வேரோடு எடுத்து, மேலே சொன்னபடி புதைத்துவிட்டு, மூன்று மாதம் துளிர் வருகிறதா என்று பாருங்கள்.

பிள்ளை வளரும்வரை பொறுப்பதாக இருந்தால் அந்த இடத்தில் செம்பருத்தியும் வெட்சியும் வையுங்கள். இரண்டும் வெயிலுக்குப் பூக்கும், பூசைக்கும் ஆகும், இதழைத் தின்றாலும் பயமில்லை. நந்தியாவட்டையை மாற்றாக எடுக்க வேண்டாம். அதுவும் அரளிக் குடும்பம்தான், பாலில் நஞ்சுண்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, "இதைத் தொடலாம், வாயில் வைக்கக்கூடாது" என்பது புரிகிற வயதில், ஆடி மாதம் பார்த்து அக்கம்பக்கத்தில் நன்றாகப் பூக்கும் ஒற்றைச் செவ்வரளியில் நாலு குச்சி ஒடித்து வந்து பையில் ஊன்றுங்கள். அடுத்த கோடையில் பூ பறிக்கலாம்.